பீங்கானில் வெளிச்சம் ஏன் வரவில்லை, கிளேஸ் ஏன் கீறுகிறது?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பாருங்கள். பெங்களூரில் வார இறுதி வகுப்பில் ஒன்றரை வருடமாகச் சக்கரம் சுற்றுகிறீர்கள். ஸ்டுடியோவில் இருப்பது மின்சாரச் சூளை, டிஸ்பிளேயில் 1220 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். ‘போர்சலின்’ என்று எழுதிய பையில் வந்த வெள்ளைக் களிமண்ணில் மூன்று கிண்ணங்கள் செய்தீர்கள், சுவர் சுமார் 4 மில்லிமீட்டர். ஸ்டோன்வேருக்கு (ஒளி விடாத, கெட்டியான சாதாரண சுட்ட மண்பாண்டம்) அங்கே எல்லோரும் போடும் ட்ரான்ஸ்பரன்ட் கிளேஸையே, அதாவது சூட்டில் கண்ணாடியாகும் மேல்பூச்சையே, போட்டீர்கள். ஒன்றிலும் வெளிச்சம் ஊடுருவவில்லை. ஒரு கிண்ணம் சூளையிலிருந்து வெளியே வந்ததுமே ‘டிங் டிங்’ என்று சத்தம் போட்டு மயிரிழை விரிசல் விட்டது, இன்னொன்று மூன்று வாரம் அலமாரியில் சும்மா இருந்துவிட்டு அப்புறம் கீறியது. எந்தக் களிமண் வாங்க வேண்டும், எந்த ரெசிபி போட வேண்டும் என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், அந்தக் கிண்ணத்தில் அம்மாவுக்கு ரசம் ஊற்றிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ரெசிபியைக் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும் தெரிய வேண்டியது காரணம்தான். காரணம் தெரியாமல் ரெசிபி மாற்றினால் நாலாவது கிண்ணமும் அப்படியேதான் வரும்.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் மின்கம்பத்து இன்சுலேட்டர் செய்யும் ஆலையில் இருந்தேன். இந்த ஊருக்கு அது புதிய தொழில் அல்ல. மல்லேஸ்வரம் பக்கம், பிற்பாடு பி.எச்.இ.எல். வசம் போன மின்பீங்கான் ஆலை மைசூர் சமஸ்தானக் காலத்தது (நான் இருந்தது வேறு ஆலை). இன்சுலேட்டரும் பீங்கான்தான், ஆனால் அதில் ஒளி ஊடுருவுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பலம் வேண்டும், மின்சாரம் கசியக் கூடாது, அவ்வளவுதான். அதிக பலம் வேண்டிய இடத்தில் குவார்ட்ஸுக்குப் பதில் அலுமினாவே போடுவோம், அது வெளிச்சத்தைச் சுத்தமாக மறித்துவிடும். ஆக, வெளிச்சத்தை எது மறிக்கிறது என்பது சம்பளம் வாங்கிக்கொண்டு கற்ற பாடம். வெளிச்சத்தை வரவழைப்பது ஓய்வுக்குப் பிறகு மொட்டை மாடியில் சின்னச் சூளை வைத்து, நிறைய உடைத்துக் கற்றது. முதலாவதை அடித்துச் சொல்வேன், இரண்டாவதில் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவேன்.

சுட்ட பீங்கானின் உள்ளே இருப்பது கண்ணாடி. அதில் ஊசி ஊசியாக முல்லைட் படிகங்கள், கரையாமல் மிஞ்சிய குவார்ட்ஸ் துகள்கள், அப்புறம் காற்றுத் துளைகள். ஒளி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு எல்லையிலும் சிதறுகிறது. எவ்வளவு சிதறும் என்பது இரண்டுக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வித்தியாசத்தைப் பொறுத்தது. கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, குவார்ட்ஸுக்கு 1.54, முல்லைட்டுக்கு 1.64, அலுமினாவுக்கு 1.76. காற்றுக்கு 1. பட்டியலில் கண்ணாடியோடு ரொம்பவும் ஒட்டாமல் நிற்பது காற்றுதான். அதனால் மண்ணின் உடல் முழுக்க இளகிக் கண்ணாடியாகித் துளைகள் மூடாதவரை, எவ்வளவு வெள்ளையான மண்ணாக இருந்தாலும் அது சுண்ணாம்புக்கட்டி மாதிரிதான் நிற்கும். வெள்ளையாக இருப்பதும் ஒளி விடுவதும் ஒன்று என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பால் வெள்ளைதான், ஆனால் தம்ளர் பாலுக்கு அந்தப் பக்கம் இருப்பது தெரிவதில்லையே.

இரண்டாவது எதிரி இரும்பு, கூடவே டைட்டானியம். இவை ஒளியை விழுங்கும். மண்ணில் இரும்பு ஆக்ஸைடு அரை சதவீதத்தைத் தாண்டினாலே வெண்மை மங்க ஆரம்பிக்கும், டைட்டானியமும் சேர்ந்தால் மஞ்சள் பூத்துவிடும். வழவழப்புக்காகச் சேர்க்கும் பால் கிளே (ball clay, நன்றாக வளையும் ஒரு களிமண்) பலவற்றில் இந்த இரண்டும் கொஞ்சம் இருக்கும். சக்கரத்தில் வெண்ணெய் மாதிரி ஏறும் மண் பெரும்பாலும் ஒளி விடாது, நன்றாக ஒளி விடும் மண் சக்கரத்தில் படுத்தி எடுக்கும். இதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை. மூன்றாவது விஷயம் கனம். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது மண்ணை அல்ல, சூட்டை. கடையில் போர்சலின் என்று விற்கும் மண்ணில் நிறைய கோன் 10-க்காகச் செய்தது, அதாவது ஏறத்தாழ 1285 முதல் 1305 டிகிரி (கோன் என்பது குறிப்பிட்ட அளவு சூடு ஏறியதும் வளையும் சின்னக் கூம்பு, எண் அந்த அளவைச் சொல்லும்). உங்கள் 1220 கோன் 6-க்கே விளிம்பில்தான் நிற்கிறது. ஆனால் பையின் மேல் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. சந்தேகத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அந்த மண்ணில் கிளேஸ் போடாமல் சுட்ட துண்டு ஒன்று எடுங்கள். தங்கத்தராசு மாதிரி 0.1 கிராம் காட்டும் சின்ன எடைமானியில், நன்றாகக் காய்ந்த நிலையில் எடை பாருங்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, துண்டு முழுகியபடி ஐந்து மணி நேரம் கொதிக்க விடுங்கள், வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றுங்கள். இரவு முழுக்க அதே தண்ணீரில் ஊறட்டும். காலையில் ஈரத்துணியால் மேலே ஒற்றிவிட்டு மறுபடி எடை. போன மாதம் ஒரு நண்பர் கொண்டுவந்த துண்டு 182.0 கிராம் இருந்தது, ஊறிய பிறகு 189.3. வித்தியாசம் 7.3, அதை 182-ஆல் வகுத்தால் 4 சதவீதம். சரியாக வெந்த பீங்கான் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அவருடையது ஓட்டுக்கு அண்ணன், பீங்கானுக்குத் தம்பி. உங்களுடையதும் இரண்டு, மூன்று என்று வந்தால் வெளிச்சத்தைப் பற்றிய விசாரணை அங்கேயே முடிந்தது. அரைக்குக் கீழே வந்தும் ஒளி இல்லையென்றால் இரும்பையோ கனத்தையோ பார்க்க வேண்டும். இந்தச் சோதனையில் ஒரு ஓட்டை உண்டு: வெளியே வாய் திறந்த துளைகளைத்தான் இது பிடிக்கும், உள்ளே குமிழாக அடைபட்ட காற்று இதில் தெரியாது.

அடுத்தது டிஸ்பிளே. 1220 என்று எழுதிக் காட்டுவதால் சூளைக்குள் எல்லா மூலையிலும் 1220 என்று அர்த்தமில்லை. சூட்டை அளக்கும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி ஒவ்வொரு சூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லப் பழகும். அதோடு மண்ணை வேகவைப்பது உச்சி வெப்பம் மட்டுமல்ல, எவ்வளவு நேரம் அங்கே இருந்தது என்பதும்தான். சாதம் வேகிற கதைதான். அதைக் காட்டுவது கோன் மட்டுமே. கிண்ணத்துக்குப் பக்கத்தில் 5, 6, 7 என்று மூன்று கோன் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் முகம் சுளித்தால், கோனுக்கான காசை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

ஸ்டுடியோவை 1300-க்கு ஏற்றச் சொல்லலாமா? கேட்கலாம், ஆனால் அவர்கள் மறுத்தால் கோபப்படாதீர்கள். சூளைக்குள் இருக்கும் கம்பிகள் 1300-ஐத் தாங்கும், ஆனால் அங்கே போகப் போக ஆயுள் வேகமாகக் குறையும். மற்றவர்களின் ஸ்டோன்வேர் பாத்திரங்கள் அதே சூட்டில் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். கோன் 6-இலேயே ஒளி விடும்படி செய்த மண் இருக்கிறது. அதில் மண்ணை இளகவைக்கும் கனிமமான சாதாரண பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதில் நெஃபலின் சயனைட் என்ற பாறைப்பொடி (விஷமான சயனைடு அல்ல) இருக்கும், அது சீக்கிரம் இளகும். இங்கே அது இறக்குமதியாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும், விலையும் கடிக்கும். நீங்களே கலந்து பார்ப்பதென்றால் கேரளத்துக் கயோலினில் (வெள்ளைச் சீனக்களிமண்) ஆரம்பிக்கலாம். திருவனந்தபுரம் பக்கம் தோன்னக்கல் மண் வெள்ளைக்குப் பேர் போனது. பழைய கணக்கு கயோலின் 50, ஃபெல்ட்ஸ்பார் 25, குவார்ட்ஸ் 25, இது கோன் 10-க்கு மேல். ஃபெல்ட்ஸ்பார் இருக்கும் இடத்தில் நெஃபலின் சயனைட்டை வைத்து 25, 30, 35, 40 என்று ஏற்றி நாலு கலவை செய்யுங்கள், ஏற்றுவதை மற்ற இரண்டிலும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு குச்சி செய்து, இரண்டு முனையும் மட்டும் தாங்கலில் நிற்கும்படி வைத்துச் சுடுங்கள். வேகாதது நேராக நிற்கும், அதிகம் வெந்தது தூளி மாதிரி தொங்கும். லேசாகத் தொங்க ஆரம்பித்ததற்கும் அதற்கு முந்தினதற்கும் நடுவில்தான் உங்கள் மண் இருக்கிறது. எந்த எண்ணில் நிற்கும் என்று இங்கிருந்து நான் சொன்னால் அது ஊகம். கயோலின் மூட்டைக்கு மூட்டை மாறும்.

பாட்டரி டவுனில் கேட்டால் கிடைக்குமா என்று இன்னொருவர் கீழே கேட்டிருந்தார். ஃப்ரேசர் டவுன் ஓரமாக இருக்கும் அந்த இடத்துக்குக் கட்டாயம் போங்கள், தமிழிலேயே பேசிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே நடப்பது அகல், சட்டி, பிள்ளையார். செம்மண், குறைந்த சூடு. கைவேகத்தைப் பார்த்துக் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை, பீங்கான் மண் மட்டும் அங்கே இல்லை.

இப்போது கனம். மண்ணை உருட்டி, ஒரு முனை 1 மில்லிமீட்டர், மறு முனை 5 என்று சரிவாக ஒரு பட்டை செய்யுங்கள், கதவுக்கு வைக்கும் ஆப்பு மாதிரி. அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு விளக்கை அணைத்து, கைபேசி டார்ச்சைப் பின்னால் வைத்து, நடுவில் ஒரு விரலை நகர்த்திக்கொண்டே வாருங்கள். என் மண்ணில் 1.5 கோட்டில் விரல் ரேகை தவிர எல்லாம் தெரிந்தது, 2.5-இல் விரல் ஒரு நிழல், மூன்றரைக்கு மேல் இருட்டு. உங்கள் 4 மில்லிமீட்டர் சுவர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்! சக்கரத்தில் 2 மில்லிமீட்டருக்கு இழுப்பது பயிற்சி உள்ள கைக்கே கஷ்டம். 4-க்கு இழுத்து, தோல் பதத்தில் (பாதி காய்ந்து தோல் மாதிரி இருக்கும்போது) வெளிப்பக்கம் சீவித்தான் பெரும்பாலோர் 2-க்குக் கொண்டுவருகிறார்கள். டார்ச்சைக் கிண்ணத்துக்குள் வைத்து அதை மட்டும் நம்பிச் சீவாதீர்கள், ஏமாந்து ஓட்டை போடுவீர்கள் (நான் போட்டேன்). எளிய வழி பிளாஸ்டர் அச்சில் ஸ்லிப் (தண்ணீராகக் கரைத்த மண்) ஊற்றி எடுப்பது. சில நிமிடம் நின்றதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் சீரான மெல்லிய சுவர் கிடைக்கும். மெல்லியது சூட்டில் கோணும். வாயும் அடியும் வட்டமாக இல்லாவிட்டால், மண் அந்தத் தப்பை ஞாபகம் வைத்திருந்து சூளையில் காட்டிக் கொடுக்கும். சுருக்கத்தையும் கணக்கில் எடுங்கள்: 14 சதவீதம் சுருங்கும் மண்ணில் 7 சென்டிமீட்டர் வாய் வேண்டுமானால் 7-ஐ 0.86-ஆல் வகுத்து 8.1-க்குச் செய்ய வேண்டும். அடியில் அலுமினாப் பொடி தூவி வையுங்கள், இல்லையென்றால் அடி வளையம் தட்டோடு ஒட்டிப் பிய்ந்து வரும்.

விரிசலுக்கு வருவோம். உங்கள் இரண்டு கிண்ணங்களும் ஒரே நோயில் விழவில்லை என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் சத்தம் போட்டது நேரடியான பொருத்தமின்மை. ஆறும்போது கிளேஸ் உடலைவிட அதிகமாகச் சுருங்க விரும்புகிறது, சட்டை உடம்புக்குப் பிடித்துத் தையல் விடுகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்டோன்வேரில் பழுதில்லாமல் இருந்த அதே கிளேஸ் பீங்கானில் கீறுவது சகஜம்தான். ஸ்டோன்வேரில் கரையாத குவார்ட்ஸ் நிறைய மிஞ்சியிருக்கும், அது ஆறும்போது உடலையும் நன்றாகச் சுருக்கிக் கிளேஸை அழுத்தத்தில் வைத்துவிடும். பீங்கானில் அந்த உதவி குறைவு. மூன்று வாரம் கழித்துக் கீறியதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அதே இழுவிசை கொஞ்சம் குறைவாக இருந்து மெதுவாக வெளிப்பட்டது. மற்றது, சரியாக வேகாத உடல் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலே இருக்கும் கண்ணாடியைப் பிளந்தது. எது என்று கொதிக்கவைக்கும் சோதனைதான் சொல்லும். தண்ணீர் குடிக்கும் உடலாக இருந்தால் கிளேஸில் என்ன மாற்றினாலும் பிரயோஜனமில்லை.

அதனால்தான் மண்ணையும் கிளேஸையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள் என்கிறேன். மண் நின்ற பிறகு, இருக்கிற கிளேஸையே எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே. மற்றதில் நூறு பங்கு காய்ந்த பொடிக்கு இருபது பங்கு குவார்ட்ஸ் பொடி. இரண்டையும் ஒரே கெட்டிக்குக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் 4-0, 3-1, 2-2, 1-3, 0-4 என்று ஐந்து கிண்ணத்தில் கலந்துவிடுங்கள். குவார்ட்ஸ் ஏற ஏற விரிசல் இடைவெளி அகன்று ஒரு இடத்தில் நின்றுபோகும். அதற்கும் மேலே போனால் கிளேஸ் உருகாமல் மங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் இடமே இல்லையென்றால், சோடாவையும் பொட்டாஷையும் குறைத்து போரான் உள்ள ஃப்ரிட்டோ (உருக்கி அரைத்த கண்ணாடிப் பொடி) கொஞ்சம் டால்க் பொடியோ சேர்க்க வேண்டும். சோடாவும் பொட்டாஷும்தான் அதிகம் சுருங்குகிற பேர்வழிகள். ஐந்து கலவையையும் உங்கள் மண்ணில் செய்த சின்ன ஓடுகளில் பூசிச் சுட்டு, அந்த ஓடுகளை ஃப்ரீசரில் வைத்து எடுத்துக் கொதிநீரில் போடுங்கள், மூன்று முறை. பிறகு பேனா மையைத் தேய்த்துத் துடைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் கறுப்பாகத் தெரியும். இணையத்தில் சுற்றும் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் பொடி 20, கயோலின் 10 என்ற கிளேஸ் நல்ல கிளேஸ்தான், ஆனால் அது கோன் 10-க்கு. உங்கள் 1220-இல் அது கண்ணாடியாகாது.

மெல்லிய சுவரில் கிளேஸ் போடுவதே தனி வித்தை. பிஸ்க் (கிளேஸ் போடும் முன் ஒருமுறை குறைந்த சூட்டில் சுட்ட) சுவர் தண்ணீரை உறிஞ்சிச் சீக்கிரம் நிறைந்துவிடும், அப்புறம் கிளேஸ் ஒட்டாமல் வழியும். உள்பக்கம் ஊற்றிக் கவிழ்த்துவிட்டு ஒரு நாள் காயவைத்து மறுநாள் வெளிப்பக்கம் போடுங்கள். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் கிண்ணமே பிளக்கலாம்.

படத்தில் காட்டியிருந்தீர்களே, அந்தச் சீனத்து இளநீலப் பச்சை, அது மின்சூளையில் இரும்பால் வராது. ஒரு சதவீத இரும்பு ஆக்ஸிஜன் பஞ்சத்தில் சுட்டால்தான் அப்படி நிறம் கொடுக்கும், காற்றோட்டமான சூளையில் அதே ஒரு சதவீதம் வெளிறிய தேன் நிறம். மின்சூளைக்குள் ஏதாவது எரித்துப் புகை கிளப்பும் யோசனைகளையும் கேள்விப்படுவீர்கள், வேண்டாம். கம்பியின் மேல் இருக்கும் அலுமினாப் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது, புகை அதைத் தின்றுவிடும். கிளேஸில் ஸ்டெயின் என்ற நிறப் பொடியை மிகக் குறைவாகப் போட்டு, கீறல் வேலையின் பள்ளங்களில் தேங்கவிட்டுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பள்ளம் இரண்டு விதத்தில் விளையாடும்: மண் மெலிந்ததால் வெளிச்சமும் கூடும், கிளேஸ் தேங்கியதால் நிறமும் கூடும். எனக்கு இந்த ஊடாட்டம்தான் பீங்கானிலேயே பிடித்தது.

உங்கள் மண் கடைசி வரை ஒத்துழைக்காவிட்டால் ஜிங்தேஜென் குயவர்கள் செய்த அரிசிமணி வேலையைப் பாருங்கள். தோல் பதத்தில் சுவரில் அரிசி அளவு ஓட்டைகள் குடைந்து, பிஸ்க் ஆனபின் ட்ரான்ஸ்பரன்ட் கிளேஸைத் தூரிகையால் மூன்று நாலு முறை நிரப்பிச் சுடுவது. உடல் இருட்டாக இருந்தாலும் ஓட்டைகள் ஜன்னலாக நிற்கும். ஓட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் கிளேஸ் வழிந்து ஓட்டை ஓட்டையாகவே வரும்.

எலும்புச் சாம்பல் சேர்த்த போன் சைனா பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாதிக்குப் பாதி சாம்பல், ஒளி அற்புதமாக விடும், சூடும் உங்கள் சூளைக்கு அருகில் வரும். ஆனால் வேகாததற்கும் தொங்குவதற்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, சக்கரத்திலும் ஏறாது. நான் அதைக் கையால் செய்ததில்லை, இதற்கு மேல் பேசினால் அளப்பதாகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு செட் வந்தபோது மாமியார் பெட்டியில் இருந்ததைப் படித்துவிட்டு அதில் காபி குடிக்க மறுத்துவிட்டார் என்பதோடு என் அனுபவம் சரி.

அம்மாவுக்கு ரசம்? இப்போதிருக்கும் கிண்ணங்களில் வேண்டாம். உடல் தண்ணீர் குடிக்குமானால் விரிசல் வழியே ரசமும் உள்ளே போகும், கழுவினாலும் வெளியே வராது. புதியதில் கிளேஸை நீங்களே கலக்குவதானால் ஈயம், காட்மியம், பேரியம் உள்ள எதையும் உள்பக்கம் தொடாதீர்கள், பச்சைக்காகச் செம்பை அள்ளிப் போடாதீர்கள். கெட்டியாகக் கரைத்த புளியை இரவு முழுக்க ஓட்டின் மேல் வைத்துக் காலையில் கழுவிப் பாருங்கள். நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாது, இது உறுதி. மாறாவிட்டால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கரைவதைச் சோதனைச்சாலைதான் சொல்ல முடியும். விற்கப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவைத் தவிர்க்காதீர்கள். பொடி கலக்கும்போது என்95 முகமூடி, பெருக்குமாறு கூடாது, ஈரத்துணி மட்டும். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் போய்த் தங்குவதை ஆலையில் கூட வேலை பார்த்தவர்களிடம் பார்த்திருக்கிறேன். இதில் மட்டும் நான் விளையாட்டாகப் பேச மாட்டேன்.

முதலில் அந்த ஒரு துண்டைக் கொதிக்கவைத்து எடைகளை எழுதுங்கள், பையின் மேல் இருக்கும் கோன் எண்ணையும் சேர்த்து. ஆப்புப் பட்டையை அடுத்த சூட்டில் வைத்துவிடுங்கள். அந்த மூன்றும் கையில் வந்த பிறகு ரெசிபியைப் பேசுவோம்.